அம்மாவுக்கு ஹீட்டர் வேண்டாம், சுவரைக் காய விடுங்கள்

வணக்கம்மா. உங்கள் கடிதம் நீளமானது. படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம், கோரையாற்றிலிருந்து இரண்டு வயல் தள்ளி, தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், ஒன்றரை அடிச் சுவர். அம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். நீங்கள் ஓசூரில். 2018-இல் கஜா புயல் மேற்குப் பக்கத்து ஓட்டைப் பிய்த்துப் போட்ட பிறகு அந்தப் பக்கம் மட்டும் தகர ஷீட். மூன்று வருஷத்துக்கு முன்பு வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூச்சு, கொல்லையில் சிமெண்ட் தளம், கூடத்திலும் அம்மா படுக்கிற உள்ளிலும், அதாவது உள் அறையிலும், பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ். இப்போது உள்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மழையே இல்லாத மார்கழி விடியற்காலையில்கூட மேற்குத் தாழ்வாரத்தில் சொட்டுகிறது. "ராத்திரி பூரா சில்லுன்னு ஏறுதுடி" என்று அம்மா போனில் சொல்கிறார். ஓசூர் வீட்டில் வைத்திருப்பது போல ஒரு ரூம் ஹீட்டர் வாங்கிக் கொடுக்கலாமா, முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடலாமா, இல்லை ஓடுகளையெல்லாம் எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆனால் வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் அம்மாவின் குளிர் அப்படியேதான் இருக்கும், அதனால் ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

ஓசூர் குளிர் வேறு, நம் ஊர்க் குளிர் வேறு. ஓசூர் மேட்டு நிலம், அங்கே காற்றே குளிர்கிறது, அறையை அடைத்து ஹீட்டர் போட்டால் கதகதப்பாகும். நீடாமங்கலத்தில் மார்கழி ராத்திரி என்ன பெரிய குளிர்? இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிருக்கு ஒரு போர்வை போதும். அம்மாவுக்கு ஏறுகிற சில்லிப்பு காற்றிலிருந்து வருவது இல்லை, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வருவது. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? உள்ளிருக்கும் தண்ணீர் பானையின் மேல்பக்கத்துக்குக் கசிந்து ஆவியாகிறது, ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஒரு யூனிட் கரண்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான சூடு வேண்டும். உங்கள் அம்மா படுத்திருக்கிற உள்ளின் நான்கு சுவரும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய பானை மாதிரி வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர் பானைக்குள் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஹீட்டர் என்ன செய்யும்? 2000 வாட்ஸ் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட், ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். இரண்டு மாதத்துக்கு 960. இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்ற கணக்கில் சிக்கனமாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டுக்கு இது பெரிய அடி. சரி, அம்மாவுக்காகச் செலவு செய்யலாம் என்றாலும், சூடான காற்று மேலே போகும், மேலே சீலிங் கிடையாது, ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்விடும். நாட்டு ஓட்டுக் கூரையின் நல்ல குணமே அதுதான், வெயில் காலத்தில் அனலை வெளியேற்றிவிடும். கீழிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும்வரை சுவரும் ஈரமாகவே இருக்கும். இன்னொன்று, அந்த ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டில் மரச்சட்டத்தில் ஓடுகிற வயரும் சின்ன ப்ளக்கும் அதைத் தாங்காது, மேலே இருப்பதோ மூங்கிலும் பனைமரமும். ஈர விரலோடு ஸ்விட்ச் போடுகிற வயதான ஒருவர் தனியாக இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

அதோடு ஒரு விஷயத்தைக் கையோடு சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டியில் கரி கனல வைத்து உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த யோசனை வந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். டைல்ஸ் போட்டு, ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்து வைத்திருக்கிற உள்ளில் கரிப்புகையின் விஷவாயு வாசனை தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். சாம்பிராணி போடுவதென்றால்கூட முற்றத்தில்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஓதம் மூன்று வருஷத்துக்கு முன்பு இவ்வளவு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாத்தா காலத்திலும் ஆறு அங்கேதான் ஓடியது, வயலும் அங்கேதான் இருந்தது. சம்பா நடவில் தொடங்கி கார்த்திகை முடிகிறவரை வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் தண்ணீர்தான், களிமண் வேறு, ஒரு முழம் தோண்டினால் ஊறும். அப்போதும் சுவருக்குள் ஈரம் ஏறத்தான் செய்தது. டெல்டாவில் கட்டுகிற எந்தச் சுவரிலும் ஏறும். வித்தியாசம் என்னவென்றால் அன்றைக்கு ஏறிய ஈரம் வெளியே போக வழி இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உள்ளே வாங்கும், காற்று பட்டால் வெளியே விட்டுவிடும். மழைக்காலத்தில் வாங்கியதை தை முதல் வைகாசி வரை மெல்லக் கக்கிவிடும். மண் தரையும் செங்கல் தளமும் அப்படியே. அடுக்களையில் விறகு அடுப்பு காலையும் மாலையும் எரிந்தது, கொல்லைத் தாழ்வாரத்தில் வெந்நீர் அண்டாவுக்குத் தனி அடுப்பு. அந்தச் சூடும் புகையும் கூரை மரத்தை உலர வைத்தது, உளுக்காமலும் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு ஹீட்டர் அப்போதே இருந்தது, அது சமையலோடு சேர்ந்து ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்பு நடந்தது என்ன? வெளிச்சுவரில் சிமெண்ட் பூசி அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். கொல்லையில் சிமெண்ட் தளம் போட்டு மண்ணின் ஈரம் மேலே வர வழியில்லாமல் செய்துவிட்டார்கள். உள்ளே டைல்ஸ் ஒட்டித் தரையையும் அடைத்தாயிற்று. தரையில் வர வேண்டிய ஈரம், கொல்லையில் வர வேண்டிய ஈரம், வெளிச்சுவரில் போக வேண்டிய ஈரம் எல்லாம் சேர்ந்து மிச்சமிருந்த ஒரே வழியில், அதாவது அம்மாவின் கட்டிலை ஒட்டிய உள்சுவரில் வருகிறது. வரும்போது மண்ணிலிருக்கிற உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. செங்கல்லின் நுண்ணிய துளைகளுக்குள்ளேயே அது படிகமாக வளர்ந்து, இடம் போதாமல் செங்கல்லை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். சுவரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருக்கிறது, கை வைத்தால் மாவாகக் கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்.

இதை நான் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் பாபநாசம் பக்கத்தில் ஒரு பழைய வீட்டுக்கு நானே நின்று சிமெண்ட் பூசிக் கொடுத்தேன். புது வீடு மாதிரி ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, விழும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போன அன்று காலையில் அவர் சுவரடியில் குந்தி, ராத்திரி உதிர்ந்த செங்கல் மாவைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். தினமும் ஒரு முறம் வருகிறது என்றார். அந்தச் சுவரை நான் கெடுத்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் கரண்டியை நான் தொட விட்டதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா, போனதும் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். அம்மா உள்ளில் ஒரு சுவரில் பெயிண்ட் உதிராத இடமாகப் பார்த்து, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிதீன் ஷீட்டை வைத்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடுங்கள். மறுநாள் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம், சுவர் பார்த்த பக்கம், முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறை பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் அது காற்றில் இருக்கிற ஈரம், சமையல் ஆவியோ உள்ளே உலர்த்துகிற துணியோ காரணமாக இருக்கும். உங்கள் வீட்டில் முதலாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் காசைச் செலவழிக்கும் முன்னால் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே ஒரு ரூபாய் நாணயத்தால் வெளிச்சுவரின் சிமெண்ட் பூச்சைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். பொத்து பொத்தென்று சத்தம் வருகிற இடமெல்லாம் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கே உளி வைத்தால் தானாகவே வந்துவிடும். கெட்டியாக ஒட்டியிருக்கிற இடத்தில் மட்டும் அவசரப்படாமல் சின்னச் சின்னதாகப் பெயர்க்கச் சொல்லுங்கள், டிரில் மிஷின் வைத்து அதிர வைத்தால் செங்கல் போய்விடும்.

வேலைக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது, அது நம் ஊரில் தண்ணீர்க் கணக்குதான். மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இருந்து அந்தத் தேதிக்கே திறந்துவிட்டால் அதற்குப் பிறகு வாய்க்காலும் வயலும் நிரம்பத் தொடங்கிவிடும், சுவருக்குக் காய நேரம் கிடைக்காது. ஆகவே தை பிறந்து, அறுவடை முடிந்து, வயல் காயத் தொடங்கியதும் பூச்சைப் பெயர்த்துவிடுங்கள். ஈரம் தெரிகிற கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி வரை, உள்ளேயும் வெளியேயும். செங்கல்லை அப்படியே அம்மணமாக விட்டு மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் காய விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள், அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த மூன்று மாதமும் வாரத்துக்கு ஒரு முறை பூத்து வருகிற உப்பைக் காய்ந்த தென்னந்துடைப்பத்தால் மேலிருந்து கீழே தேய்த்து, உதிர்ந்ததை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஒரு இன்ச் சுவர் காய ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒரு கோடையில் முழுசாகக் காயாது. ஆனாலும் பாதி காய்ந்தாலே அடுத்த மார்கழியில் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியும்.

அப்புறம் சுண்ணாம்பு. இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் வேலை கெடுவது இங்கேதான். கடையில் பாக்கெட்டில் வருகிற பொடிச் சுண்ணாம்பு எத்தனை மாதமாக அங்கே கிடக்கிறதோ தெரியாது, காற்றுப் பட்டுப் பட்டு வீரியம் போயிருக்கும், பூச்சுக்கு உதவாது. சுட்ட கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ கட்டியாக வாங்குங்கள். கிளிஞ்சல் சுடுகிற காளவாய்கள் குறைந்துவிட்டன, இருந்தாலும் கடலோரப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். பெரிய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, வெடித்துத் தெறிக்கும். போட்ட கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து முணுமுணுவென்று சத்தம் வரும், பிறகு கொதிக்கும், ஆவி கிளம்பும், கட்டியெல்லாம் பொரிந்து விரிந்து பால் மாதிரியும் பிறகு தயிர் மாதிரியும் ஆகும். ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஆறிய பிறகு சல்லடையில் வடிகட்டி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி ஒரு மாதமாவது ஊற விடுங்கள். ஊற ஊற வெண்ணெய் மாதிரி ஆகும். தை மாதம் பூச்சைப் பெயர்க்கும்போதே சுண்ணாம்பையும் ஊறப் போட்டுவிட்டால் பூசுகிற நேரத்துக்குப் பக்குவமாக இருக்கும்.

பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. மணலில் உப்பு இருக்கக் கூடாது, வாயில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், கரித்தால் திருப்பி அனுப்புங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பது பழைய வழக்கம், நன்றாகச் செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் செய்யட்டும், பூச்சு இறுகும். தெரியாதவர் கையில் கொடுத்தால் வெல்லத்துக்கு எறும்பு வருவதுதான் மிச்சம். வைகாசியில் பூசலாம். ஆனால் வைகாசி வெயில் சுண்ணாம்புக்கு ஆகாது, வேகமாகக் காய்ந்தால் வெடித்துவிடும். சுண்ணாம்பு சிமெண்ட் மாதிரி ஒரே நாளில் இறுகாது, காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு கல்லாகிறது, அதற்கு ஈரமும் வேண்டும் நாளும் வேண்டும். வெளிப்பக்கம் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டுப் பத்து நாளாவது பார்த்துக்கொள்ள வேண்டும். கொத்தனாரிடம் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். "கொஞ்சமா சிமெண்ட் சேத்துக்கலாங்க, சீக்கிரம் புடிச்சிக்கும்" என்று நிச்சயம் கேட்பார். ஒரு கை சிமெண்ட்கூட வேண்டாம். கலந்தால் பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும்.

அதன் மேல் பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்புதான். நீர்க்கக் கரைத்து, கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் சேர்த்து, மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடித்தது அழகுக்கு மட்டும் இல்லை. உப்பு பூத்து உதிர்ந்த மேல்தோலை ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்தார்கள், அதனால் செங்கல் தப்பித்தது. சுண்ணாம்புப் பூச்சும் பத்துப் பதினைந்து வருஷத்தில் கீழ்ப்பகுதியில் அரிக்கும், அப்போது அந்த மூன்றடியை மட்டும் மாற்றிவிடலாம். சுவருக்குப் பதிலாக அது தேய்கிறது, அதன் வேலையே அதுதான்.

சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றி ஓதத்தை நிறுத்துகிறோம் என்று யாராவது வருவார்கள். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து நடுவில் துண்டுக்கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிய அந்தக் காலத்துச் சுவரில் மருந்து எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் மேலே சொன்னதைச் செய்து இரண்டு மழைக்காலம் பாருங்கள்.

டைல்ஸை எடுங்கள் என்றால் உங்களுக்கு மனசு வராது, புரிகிறது. அம்மா உள்ளில் மட்டுமாவது எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துக் கெட்டித்து மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிக்கலாம், அது ஈரத்தை விடும், காலுக்கும் டைல்ஸ் மாதிரி சில்லென்று இருக்காது, வழுக்காது. கூடத்தில் சுவர் ஓரமாக அரை அடி அகலத்துக்கு மட்டும் டைல்ஸை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் கலவை போட்டால் போதும். கொல்லைத் தளத்திலும் சுவரை ஒட்டி இரண்டடி வெட்டி எடுத்து, ஓர் அடி ஆழத்துக்கு ஜல்லி போடுங்கள். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. உங்கள் மண் களிமண், தண்ணீரை உறிஞ்சாது. ஜல்லிக்குழியிலிருந்து தண்ணீர் வாழைமரத்துப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ வாட்டமாக ஓட ஒரு வழி வைக்காவிட்டால், ஐப்பசியில் அது சுவரைச் சுற்றி வெட்டிய குளமாகிவிடும். அஸ்திவாரத்துக்கு அடியில் ஒருபோதும் தோண்டாதீர்கள்.

தெருப் பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். ரோடு எத்தனை முறை போட்டார்கள்? நம் பக்கத்தில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, நான்கு படி ஏறிப் போன திண்ணைக்கு இன்றைக்கு ஒரு படி இறங்கிப் போகிற வீடுகள் நிறைய. அப்படி இருந்தால் தெருத் தண்ணீர் திண்ணையடியில் நிற்கும், அதற்கு ஒரு சின்னக் கால்வாய் அவசியம். முற்றத்துத் தண்ணீர் வெளியேறுகிற தூம்பையும் பாருங்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் கை விட்டு மண்ணெடுக்க வேண்டும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வெளியே போகிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

மேற்குத் தாழ்வாரத்தில் மழையில்லாமல் சொட்டுவது ஓட்டையால் இல்லை, தேடாதீர்கள். தகரம் ராத்திரி வானத்தைப் பார்த்துக் கிடந்து சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, வீட்டுக்குள்ளிருக்கிற ஈரக்காற்று அதன் அடிப்பக்கத்தில் பட்டு வேர்த்து, விடியற்காலையில் சொட்டுகிறது. சோற்றுப் பானை மூடியின் அடியில் தண்ணீர் கோத்திருக்குமே, அதேதான். அந்தச் சொட்டும் அம்மா வீட்டு ஈரத்தில் சேர்கிறது. இதற்கு முழுத் தீர்வு அந்தப் பக்கத்துக்கும் மறுபடி ஓடு போடுவதுதான். இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய நாட்டு ஓடு இன்றைக்கும் கிடைக்கிறது. வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டங்கென்று கணீரெனச் சத்தம் வந்தால் நல்ல ஓடு, டப்பென்று வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. இந்த வருஷம் அதற்குக் காசு இல்லையென்றால், தகரத்துக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். ராத்திரி தகரம் குளிராது, கோடையில் கொதிக்கவும் செய்யாது. அடுக்களைப் பக்கம் மட்டும் நெருப்புக்குப் பயந்து கீற்று வேண்டாம். தகரம் போட்டவர்கள் இறவாணத்தை, அதாவது சுவரைத் தாண்டி நீள்கிற கூரை ஓரத்தை, குட்டையாக வெட்டியிருப்பார்கள் என்றும் நினைக்கிறேன். சுவரிலிருந்து இரண்டடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் முழுக்கச் சுவரில்தான்.

மிச்ச மூன்று பக்கத்து ஓட்டையும் ஆவணிக்குள் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். அணிலும் பூனையும் குரங்கும் நகர்த்தியிருக்கும். கூடுவாயில், அதாவது இரண்டு சரிவும் சேர்கிற மூலையில், சருகு அடைத்துத் தண்ணீர் பின்னால் ஏறி இறங்கும், ஒழுகலில் பாதி அங்கேதான். ஓட்டைப் பிரித்திருக்கும்போது அதைத் தாங்குகிற கைமரங்களை ஒரு கத்தி முனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முனை இறங்கினால் மாற்ற வேண்டும். சுவரோடு சேர்கிற தலைப்பில்தான் முதலில் கரையான் வரும், முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம், நன்றாகவே காக்கும். தோலைப் பொத்துவிடும் என்பதால் கையுறை போட்டுத் தடவ வேண்டும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே ஒடித்துவிட்டுப் போகாமல் வேரோடு எடுங்கள்.

முற்றத்தை மூடாதீர்கள். வீட்டின் ஈரமும் அனலும் வெளியேறுகிற பெரிய வழி அதுதான், அதை மூடிவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது, சித்திரையில் கூடத்தில் உட்காரவும் முடியாது. குரங்குத் தொல்லை என்றால் கம்பி வலை போடுங்கள். மழை உள்ளே விழவே கூடாது என்றால் ஓட்டுக்கு மேலே இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்த மாதிரி ஷீட்டைத் தூக்கிக் கட்டுங்கள்.

கான்கிரீட்டைப் பற்றி ஒரே கணக்கு. நான்கு இன்ச் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு 23 கிலோ. ஓட்டைத் தாங்கவென்று களிமண்மேல் சுண்ணாம்பில் கட்டிய சுவர் அது. மழையில் ஊதி, கோடையில் வெடிக்கிற அந்த மண்ணில் இவ்வளவு பாரத்தை ஏற்றினால் சுவர் எங்கே பிளக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, பிளக்கும் என்பது மட்டும் தெரியும்.

இதெல்லாம் நடந்து முடிய ஒரு வருஷம் ஆகும். இந்த மார்கழிக்கு அம்மா என்ன செய்வார்? நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. கட்டிலை இப்போது இருக்கிற உள்ளிலிருந்து எடுத்து, தெற்குச் சுவர் வெயில் படுகிற அறைக்கு மாற்றுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அந்தச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் கொடுக்கும். கட்டில் எந்தச் சுவரையும் தொடக் கூடாது, ஓர் அடி தள்ளியே இருக்கட்டும், பீரோவையும் நெல் மூட்டையையும் அரை அடி நகர்த்திவிடுங்கள். கயிற்றுக் கட்டில் என்றால் குளிர் கீழிருந்துதான் ஏறும், அதனால் மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பது முக்கியம், கோரைப்பாயும் அதன் மேல் இரண்டு ஜமக்காளமும் மடித்துப் போட்டு, பிறகு மெத்தை. கட்டிலுக்கு மேலே கொசுவலைக்குப் பதில் பழைய பருத்திப் புடவையால் விதானம் மாதிரி கட்டிவிட்டால் உடம்புச் சூடு கூரைக்கு ஓடாது. வாடைக்காற்று வருகிற வடக்குத் தாழ்வாரத்தில் ராத்திரிக்கு மட்டும் மூங்கில் தட்டியை இறக்கிவிட்டு, காலையில் வெயில் வந்ததும் சுருட்டி, எல்லா ஜன்னலையும் மத்தியானம் வரை திறந்து வைக்கச் சொல்லுங்கள். குளிருக்குப் பயந்து பகலிலும் சாத்தி வைப்பதுதான் பெரும்பாலும் வயதானவர்கள் செய்வது, அதில்தான் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. காலுக்குக் கம்பளிக் காலுறை, படுக்கும்போது வெந்நீர்ப் பை.

ஹீட்டருக்கு வைத்திருக்கிற காசில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றி, எர்த் சரிபார்த்து, கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே தானாக நிறுத்திவிடுகிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று போட்டுவிடுங்கள். ஈரச் சுவர் வீட்டில் அது கட்டாயம். மிச்சத்தில் சுண்ணாம்பும் டிரம்மும் வாங்கலாம்.

பொங்கலுக்குப் போய் பாலிதீன் ஒட்டிப் பார்த்ததும் எனக்கு எழுதுங்கள். கூடவே கொல்லைச் சுவரின் அடி, முற்றத்துத் தூம்பு, தெருவிலிருந்து திண்ணை தெரிகிற மாதிரி என்று மூன்று படம் அனுப்புங்கள். எவ்வளவு உயரம் பெயர்க்கலாம், ஜல்லிக்குழியை எந்தப் பக்கம் வாட்டம் விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.